ஆமாங்க மச்சான்

கூடத்தில் மச்சான் காளியண்ணன் வந்து உட்கார்ந்தாயிற்று. பூபதியோ உள்ளறையில், வாதத்தை எப்படித் தொடங்குவது என்ற வீடியோவைச் செல்போனில் மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தான். முதலில் எதிராளி சொல்வதை ஒப்புக்கொள்ள வேண்டுமாம். அப்புறம் ஆதாரம். கடைசியில்தான் நம் கோரிக்கை.

கோரிக்கை இதுதான். மச்சானுடைய போர்வெல் ரிக் லாரியோடு வடக்கே போனால் திரும்ப மாசக்கணக்காகும். போன முறை வந்தபோது பெற்ற மகளே இவனைப் பார்த்து வீறிட்டு அழுதாள். இந்தத் தடவை போகவே கூடாது. ஆனால் முதலாளியே மச்சானாகவும் வாய்த்துவிட்டால் அதை எந்த வாயால் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்!

"ஏனுங்க, அண்ணன் எவ்வளவு நேரமா உக்காந்திருக்குது!" என்று மனைவி தேவிப்ரியா விரட்டினாள்.

"வாரேன், வாரேன்."

காளியண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "மாப்ள, வண்டி வெள்ளிக்கிழமை கெளம்புதுங்க. இந்தத் தடவை..."

"ஆமாங்க மச்சான்!" பூபதி முந்திக்கொண்டு ஒப்புக்கொண்டான். "நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க. நம்பிக்கையான ஆளு இல்லாம ரிக்கை அனுப்ப முடியுங்களா?"

"அதில்லீங்க மாப்ள..."

ஒப்புக்கொண்டது போதவில்லை போலிருக்கிறது. ஆதாரத்துக்குத் தாவினான். பட்ட பாட்டைச் சொன்னால் மனுசன் இரங்காமலா போவார்?

"போன தடவை பாறை ஒடைக்கிற ஹேமர் குழிக்குள்ள மாட்டிக்கிச்சே, சோறு தண்ணியில்லாம நின்னு வெளிய எடுத்தது யாருங்க?"

காளியண்ணன் முகம் தொங்கிப்போயிற்று. "நீங்கதானுங்க. மறப்பனுங்களா?"

ஆகா, இறங்கி வருகிறார்! இன்னும் ஒரே ஒரு போடு.

"என்ற புள்ளையே என்னை மறந்துருச்சுங்க. அத்தனையும் நம்ம ரிக்குக்காகத்தானுங்களே! அதனால..."

"போதுமுங்க மாப்ள!" காளியண்ணன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்லட்டும்? வெள்ளிக்கிழமை வந்துருங்க."

"ஆகட்டுங்க" என்று பாழாய்ப்போன வாய் சொல்லித் தொலைத்தது.

மச்சான் போய்க் காரில் ஏறினார். சமையலறையில் ஒரு பாத்திரம் டமாரென்று விழுந்தது. பூபதிக்கு அழுகையே வந்துவிட்டது. தண்ணீர்ச் சொம்பைத் திருப்பிக் கொடுக்க வந்த கார் டிரைவர் சின்னராஜ் மட்டும் அவனை வாயைப் பிளந்து பார்த்தான்.

"பேச்சுன்னா இதானுங்ணா பேச்சு! வேற ஆளு போட்டாச்சு, உங்களை இந்தத் தடவை ஊட்டோட இருக்கச் சொல்லணும்னுதான் ஓனரு வந்தாரு. அவரு மனசையே மாத்திப்புட்டீங்களே!"