பன்னிரண்டாரும் எங்கள் வீட்டு மாப்பானையும்

கதிரை என்ற பொருளை எதற்காகக் கண்டுபிடித்தார்கள் என்று தெரியாமலே ஒரு மனிதர் மொன்ட்ரியாலில் பதினொரு வருசம் வாழ்ந்தார். நம்பமாட்டீர்கள். நான் சாட்சி.

காலியான மெட்ரோப் பெட்டியிலும் அவர் நின்றுகொண்டுதான் போவார். கல்யாண வீட்டில் நின்றபடி சுற்றித் திரிவதைப் பார்த்து, பரிமாறுகிற பெடியள் தங்கள் ஆள் என்று நினைத்துச் சாம்பார் வாளியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அவரும் இரண்டு வரிசைக்கு ஊற்றிவிட்டு வருவார். பல் வைத்தியரின் கதிரையில் மட்டும் இருந்திருக்கலாம். அதுவும் எனக்குச் சந்தேகம்.

இரண்டாயிரத்து மூன்று, நாலு அளவில் மொன்ட்ரியாலின் அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு பழைய மூன்றுதட்டு வீட்டில் மேல்தட்டில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். நடுத்தட்டில் பிரெஞ்சு பேசுகிற ஒரு கெபெக் கிழவி. பேஸ்மென்ட்டில், பொயிலருக்குப் பக்கத்து அறையில், இவர். பகலில் உணவகத்தில் கோப்பை கழுவினார். அதற்கு முன் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. அந்தப் பழக்கம் விடவில்லை. மணிக்கொருதரம் பொயிலரின் பிறஷர் முள்ளைப் போய்ப் பார்ப்பார்.

முள்ளு பன்னிரண்டில் நிற்கவேண்டும். அதுதான் அவருடைய வேதம். அவருக்குப் பன்னிரண்டார் என்று பெயர் வைத்தது நான்தான். சொந்தப் பெயர் தபால் பெட்டியில் ஒட்டியிருந்தது, அதை நான் வாசித்ததேயில்லை.

அந்த நவம்பரில் ஒரு காலை, ஆறு மணிக்குக் கதவைத் தட்டினார்.

"தம்பி, பத்தில நிக்குது."

"என்னண்ணை பத்தில?"

"முள்ளு. தண்ணி எங்கையோ போகுது."

பிறகு, நின்ற நிலையிலேயே எனக்குப் பாடம் எடுத்தார். பொயிலரில் சூடாகிற தண்ணீர் குழாய் வழியே மூன்று தட்டுக்கும் ஏறி, ரேடியேட்டர்களைச் சூடாக்கிவிட்டுத் திரும்பக் கீழே வரும். வெளியே ஒரு துளி போகக்கூடாது. பிறஷர் விழுந்தால் தண்ணீர் மேலே ஏறாது. முதலில் விறைக்கிறது மேல்தட்டுக்காரன். அதாவது நான்.

அன்றிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் நிம்மதியில்லை. காலையில் தண்ணீர் விட்டு முள்ளைப் பன்னிரண்டுக்கு ஏற்றுவார். அடுத்த நாள் அது பத்தில் நிற்கும். பிறஷர் கூடினால் தண்ணீரை வெளியே விடுகிற வால்வுக்குக் கீழே ஒரு வெறும் மீன் ரின்னை, தகரப் பேணியை, வைத்தார். ரின் காய்ந்தபடி கிடந்தது. பொயிலருக்கு மேலே தொங்குகிற தண்ணீர்த் தாங்கியைப் பூசணிக்காய் வாங்குகிறவர்போலத் தட்டித் தட்டிக் கேட்டார். அதுவும் சரி. கடைசியில் டிஷ்யூச் சுருளோடு புறப்பட்டு, ஒவ்வொரு ரேடியேட்டரின் மூட்டிலும் டிஷ்யூவை ஒற்றி ஈரம் பார்த்தார். நடுத்தட்டுக் கிழவி இவர் துப்புரவு செய்ய வருகிறார் என்று நினைத்து ஒவ்வொரு முறையும் மெர்சி என்று நன்றி சொன்னா.

எங்கள் வீட்டிலும் எல்லா ரேடியேட்டரையும் ஒற்றினார், ஒன்றைத் தவிர. குசினி ரேடியேட்டருக்கு மேலே மாப்பானை இருந்தது. மொன்ட்ரியால் குளிரில் மா வேறெங்கே புளிக்கும்? பானையைத் துவாயால் சுற்றி, துவாயின் மற்றத் தலைப்பை ரேடியேட்டரின் ஓரத்தில் தொங்கவிட்டிருப்பா மனைவி. ஞாயிறு தோசை மா, புதன் அப்ப மா, பானைக்கு ஓய்வே கிடையாது.

"மா பொங்குற நேரம் அசைச்சா அமந்துபோம், அண்ணை," என்பா.

கப்பல் எஞ்சினுக்கே அடங்காத மனிதர் அதற்கு அடங்கி, கைகட்டி ஒதுங்கிப் போய்விடுவார். கதிரையைக் காட்டி எத்தனை முறை இருக்கச் சொன்னாலும் இருக்கமாட்டார்.

டிசம்பரில் விசயம் முற்றியது. வீட்டுக்காரர் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். மெக்கானிக் முள்ளைப் பார்த்தார், பன்னிரண்டாரைப் பார்த்தார். பொயிலர் உள்ளுக்குள் கீறல் விட்டிருக்கும், இந்த மனிதர் நோண்டி நோண்டித்தான் கெட்டது என்றார். வீட்டுக்காரர் முடிவெடுத்துவிட்டார்: பொயிலரைக் கழற்றி எறிவது, எல்லா இடமும் மின்சார ஹீட்டர் போடுவது, பேஸ்மென்ட்டை உடைத்துத் திருத்துவது, இவரை வெளியேற்றுவது. சனிக்கிழமை வந்து அளவெடுப்பதாகச் சொன்னார்.

வெள்ளி பின்னேரம் பன்னிரண்டார் எங்கள் வாசலில் வந்து நின்றார். அன்றைக்கு முள்ளைப் பற்றிக் கதைக்கவில்லை.

"ஊரில நிக்கிற என்ர மனிசிக்கு விசா வந்திட்டுது, தம்பி. மார்ச்சில வாறா. ஆறு வருசமாப் பாத்திருந்தது. குளிர் தெரியாத மனிசி. இந்த அறைதான் சூடு எண்டு எழுதிப்போட்டன்."

தேத்தண்ணி குடிப்பமோ என்று கேட்டேன், வேண்டாமென்று இறங்கிப்போனார்.

சனி காலை. கீழே வீட்டுக்காரரும் மெக்கானிக்கும் அளவு நாடாவை இழுக்கிற சத்தம் கேட்கிறது. பன்னிரண்டார் படியேறி வந்து நேரே குசினிக்குள் போனார்.

"தங்கச்சி, மன்னிச்சுக்கொள்," என்று சொல்லிப் பானையைத் தூக்கிக் கைப்பிள்ளைபோல அணைத்துக்கொண்டார். துவாயின் தொங்கல் ஈரமாக இருந்தது. மா வழிஞ்சிருக்கும் என்றா மனைவி. அவர் துவாயை மூக்கில் வைத்தார்.

"புளிச்ச மணமில்லை. இரும்பு மணக்குது."

ரேடியேட்டரின் ஓரத்தில், காற்றை வெளியே விடுகிற சின்னத் திருகாணியில், ஒரு துளி நின்றது. விழுந்தது. அடுத்தது வந்தது. இவ்வளவு நாளும் துவாய் அதைக் குடித்தது, ரேடியேட்டர் துவாயைக் காயவைத்தது. சாட்சியே மிஞ்சவில்லை.

பன்னிரண்டார் கூப்பிட, மெக்கானிக்கும் வீட்டுக்காரரும் மேலே வந்தார்கள். யார் இதில் கை வைத்தது என்று வீட்டுக்காரர் பிரெஞ்சில் கேட்டார். திருகாணியின் தலை முழுக்கக் குறட்டின் பல் தடம்.

குறடு என்னுடையது. ஒக்டோபரில் அந்த ரேடியேட்டர் களகளவென்று சத்தம் போட்டது. பன்னிரண்டார் வேலையால் வரும்வரை எனக்குப் பொறுமையில்லை. குறட்டால் திருகிக் காற்றை விட்டேன், சரியாகப் பூட்டவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். அந்த நிமிசம் வரை எனக்கு அது நினைவே வரவில்லை. வந்தபிறகும் வாய் திறக்கவில்லை. வெட்கம்.

பன்னிரண்டார் தடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"வியே, மெஸ்யூ," என்றார். பழசு, ஐயா.

தன் பொக்கற்றிலிருந்த ரேடியேட்டர்ச் சாவியால் திருகாணியை இறுக்கினார். ஒரு கிழமை பார்ப்போம் என்றார் மெக்கானிக். முள்ளு பன்னிரண்டைவிட்டு அசையவில்லை. பொயிலரும் பேஸ்மென்ட்டும் பிழைத்தன. எங்கள் மா மட்டும் அமர்ந்துபோய், தோசை அப்பளமாக வந்தது.

மார்ச்சில் மனிசி வந்தா. வந்த இரண்டாம் நாள், இதென்ன அறையோ பாண் சுடுகிற போறணையோ என்று ஜன்னலைத் திறந்துவிட்டாவாம். அதன்பிறகு பன்னிரண்டார் மேலே வருவதில்லை. வர வேலையில்லையே. நான் மன்னிப்புக் கேட்க எத்தனையோ தரம் கீழே போய், முள்ளைப் பற்றிக் கதைத்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த குளிர்காலம் ஆறு மணிக்குக் கதவு தட்டாமல் விடிந்தது எனக்குப் பொறுக்கவில்லை. மனம் அந்த மனிதரைத் தேடியது, உண்மையைச் சொன்னால்.

ஒரு நாள் பின்னேரம் குறட்டை எடுத்தேன். மாப்பானையை மெல்ல நகர்த்தி, திருகாணியைக் கால் சுற்று இளக்கி, கீழே ஒரு கோப்பை வைத்தேன்.

காலை ஆறு மணிக்குக் கதவு தட்டுப்பட்டது.

"தம்பி, பதினொண்டு."

நேரே குசினிக்குப் போனார். கோப்பையைப் பார்த்தார், திருகாணியில் புதுத் தடத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"பழசு, அண்ணை," என்றேன்.

அவர் சாவியை எடுத்து இறுக்கினார். பிறகு கதிரையை இழுத்து, அதில் இருந்தார். காலை நீட்டி, முதுகைச் சாய்த்து, மூன்று தோசை தின்று முடியும் வரைக்கும் எழும்பவேயில்லை.