நாப்பத்தொண்ணாம் நம்பர் கூப்பன்

ஒரு பொட்டலம் பிரியாணிக்காக நம்ம ஆளுங்க மானத்தை வாங்குறேன்னு குரூப்புல எழுதியிருக்கீங்களே அண்ணே, அது யாரோட பொட்டலம்னு தெரியுமா உங்களுக்கு? தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை. அன்னைக்கு நீங்க ரெண்டாவது வரிசையில குனிஞ்ச தலை நிமிராம சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. முழுசா சொல்றேன், கேளுங்க.

நம்ம யாங்கூன் பபேடான் கலாசார மையம் இந்த வருஷம் அண்டை நாட்டு வரலாற்று வாரம் கொண்டாடுறதா ஏகமனதா தீர்மானம் போட்டுச்சு. ஹிஸ்டரி படிக்கிறவங்கிறதால சீனாவை என் தலையில கட்டினாங்க. நான் சீன மக்களோட பஞ்ச வரலாற்றை எடுத்தேன். ரெண்டாயிரம் வருஷமா ஏதோ ஒரு மாகாணத்துல கிட்டத்தட்ட வருஷத்துக்கு ஒரு பஞ்சம். செயலாளர் காசிவிசுவநாதன் என் பட்டியலைப் புரட்டினார்.

"எதுக்கும்மா இத்தனை? எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு. நல்லதா ஒண்ணு எடுத்துக்க."

நல்ல பஞ்சமா 1960-ஐ எடுத்துக்கிட்டேன். காரணம், அதுல தப்பிச்சவர் ஒருத்தர் சைனா டவுன்ல கடிகாரம் ரிப்பேர் பண்றார். ஊ யாங். ஒன்பது வயசுல யுன்னான்ல இருந்து எல்லை தாண்டி வந்தவர். அவர் தங்கச்சி மெய்லான் வரலை. ஆறு வயசுல பட்டினியிலேயே போயிட்டா.

"அவ பேரை இதுவரைக்கும் யாரும் எங்கேயும் எழுதினதில்லை. உங்க கண்காட்சிச் சுவத்துல ஒரு ஓரமா எழுதுவீங்களா?"ன்னு கேட்டார்.

செயலாளர்கிட்ட போனேன்.

"தாராளமா எழுதலாமே. வார்டு ஆபீஸ் சிபாரிசு லெட்டர் இருக்கா?"

"சார், அவ செத்து அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுவும் சீனாவுல."

"அதனாலதாம்மா கேக்குறேன். நாளைக்கு வந்து நான் சாகவே இல்லைன்னு நின்னா?"

வார்டு ஆபீஸ்ல சட்டம் இன்னும் தெளிவு. குடும்பப் பட்டியல்ல பேர் இருக்கிறவங்களுக்குத்தான் லெட்டர். பேர் இல்லாதவங்க சாகவே முடியாது. அதனால மெய்லான் முதல்ல அண்ணன் வீட்டுல உயிரோட குடியிருக்கிறதா பதியணும், அப்புறம் செத்ததா நீக்கணும்.

"சரி, ரெண்டையும் இன்னைக்கே எழுதிடுங்க"ன்னேன்.

"இந்த மாசம் சேர்க்கிறது மட்டும்தான். நீக்கணும்னா அடுத்த மாசம் வா."

ஆக, மெய்லான், வயசு எழுபத்திரெண்டு, யாங்கூன்ல சட்டப்படி குடியேறினா. ஊ யாங் அந்த வார்டு லெட்டரை நாலா மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். பேர் எழுதின அட்டையைத் தற்காலிகமா சுவத்துல ஒட்டினோம். நிரந்தரப் பலகை விழா முடிஞ்சப்புறம்னு உத்தரவு. வார்டு லெட்டர்ல பேர் இருந்த எல்லாருக்கும் மையம் சாப்பாட்டுக் கூப்பன் அடிச்சுது. மெய்லானுக்கு நாப்பத்தொண்ணு.

திறப்பு விழா அமோகம். 'பஞ்ச அனுபவ மூலை'யில கிழிஞ்ச சாக்குச் சட்டை தொங்குச்சு. டெய்லர் அளவெடுத்துக் கிழிச்சது. காலிக் கிண்ணத்தோட செல்ஃபி எடுக்க தெரு வரைக்கும் வரிசை. சிறப்பு விருந்தினரம்மா மைக்கைப் பிடிச்சாங்க. "நானும் தினம் பதினாறு மணி நேரம் சாப்பிடுறதில்லை. டயட் ஆப் சொல்லுது. அந்த மக்களோட வலி எனக்குப் புரியுது." நாம கை தட்டினோம்.

ஊ யாங் கையெழுத்துப் போட்டு நாப்பத்தொண்ணாம் நம்பர் பொட்டலத்தை வாங்கி, தங்கச்சி பேருக்குக் கீழ மேசையில பிரிச்சு வெச்சார். செத்தவங்களுக்குப் படைக்கிறது அவங்க வழக்கம். கூட வைக்க டீ எடுத்துட்டு வரப் போனார். திரும்பி வந்தா, எலும்பு மட்டும் இருந்துச்சு. கொண்டு வந்த டீயை அதுக்குப் பக்கத்துல வெச்சார்.

"பரவாயில்லை, நல்லா சாப்பிட்டிருக்கா"ன்னார்.

அடுத்த வாரம் நிரந்தரப் பலகை வந்துச்சு. மெய்லான் பேர் இல்லை.

"சாப்பாடு வாங்கினதுக்குக் கையெழுத்து இருக்கேம்மா"ன்னார் செயலாளர். "வயிறார சாப்பிட்டவங்களைப் பட்டினியில செத்தாங்கன்னு எப்படிப் போடுறது?"

"கையெழுத்து அண்ணன் போட்டது சார்."

"எலும்பு? அதைவிட என்ன சாட்சி வேணும்? வேற யாராவது சாப்பிட்டேன்னு எழுதிக் கொடுக்கட்டும், பேரைச் சேர்த்துடுவோம்."

அங்கேயே பேப்பர் வாங்கி எழுதினேன். ஆமா அண்ணே, நானும் அன்னைக்கு ரெண்டாவது பொட்டலம் சாப்பிட்டேன். மேசையில இருந்துச்சு, எடுத்தேன். எந்த மேசைன்னு நான் பார்க்கலை. யார் பார்த்தா?

செயலாளர் படிச்சுட்டுத் திருப்பிக் கொடுத்துட்டார். "ரெண்டாவது சாப்பிட்டது பதினெட்டு பேர். நீ ஒருத்தி எழுதினா செல்லாது. பதினெட்டு பேரும் எழுதணும்." அதனாலதான் எல்லாரையும் எழுதிக் கொடுக்கச் சொல்லி குரூப்புல கேட்டேன்.

வர்ற ஞாயித்துக்கிழமை அதே ஹால்ல கூட்டம். ஊ யாங் முன்வரிசையில உட்காருவார். அந்த வார்டு லெட்டர் இன்னும் அவர் பையில இருக்கு. மானத்தைப் பத்திப் பேசினீங்களே, எழுந்து நின்னு மைக்குல சொல்லுங்க அண்ணே: நீங்க எத்தனை பொட்டலம் சாப்பிட்டீங்க?