சாம்ஃபிருக்குக் குளிரெடுக்கிறது

கலஃபாத், ஜூலை 19

அன்புள்ள இலிங்கா அக்காவுக்கு,

தங்கை வெத்தா எழுதுவது. நீயும் அத்தானும் உன் முழங்காலும் ஆண்டவர் தயவில் நன்றாயிருக்க வேண்டும். இங்கே நான் சுகம் என்று எழுதினால் பொய். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அக்கா, ஏசியில் ஐஸ் பிடிக்கிறது. வெளியே முப்பத்தொன்பது டிகிரி, டான்யூப் ஆறே கொதிக்கிறாற்போல இருக்கிறது, சுவரில் அந்தப் பெட்டிக்குள் மட்டும் சனவரி மாதம். என் வீட்டுக்காரர் போய் இன்றோடு முப்பத்தொரு நாள். நாற்பது நாள்வரை உயிர் வீட்டைத்தான் சுற்றும் என்று உனக்கும் தெரியும். மெல்லிய சட்டையோடு புதைத்துவிட்டோமே, சாம்ஃபிருக்கு அங்கே குளிரெடுத்துத்தான் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அவர் ஆத்துமாவுக்காக அவருடைய கம்பளிக் கோட்டைப் பக்கத்து வீட்டு த்ரிஃபுவுக்குத் தானமாகக் கொடுத்தேன். கொடுத்தவள் கண்முன்னே போட்டுக்கொண்டால்தானே அந்தச் சூடு போனவருக்குப் போய்ச் சேரும், பாவம், அந்த மனுஷர் வெயிலில் கோட்டோடு நின்று வேர்த்து வழிந்தார். "வெத்தா, இந்நேரம் சாம்ஃபிர் அங்க வெந்தே போயிருப்பான், கழட்டிடட்டுமா?" என்றார். மறுநாள் ஐஸ் இன்னும் ஒரு விரல் கூடியிருந்தது.

பிறகு மெக்கானிக் லிவியுவுக்குப் போன் போட்டேன். நாளைக்கு வருகிறேன், அதுவரை கரண்டை நிறுத்தி வையுங்கள் என்றான். அவன் சொன்னது கம்பியில் ஓடுகிற கரண்டாம். நம் ஊரில் குறுக்கே அடிக்கிற காற்றுக்கும் கரண்டு என்றுதானே பேர், எனக்குத் தெரிந்ததெல்லாம் சன்னலுக்கும் கதவுக்கும் நடுவே காற்றாய் ஓடி ஆளைச் சாகடிக்கிற கரண்டுதானே, அம்மா நம் காதில் பஞ்சை அடைத்ததும் அதற்குப் பயந்துதானே. சன்னலை மூடினேன், கதவிடுக்கில் துணி திணித்தேன், ஏசியின் தலையில் தூசி விழாமல் ஏற்கெனவே போட்டிருந்த துண்டின்மேல் என் கம்பளிச் சால்வையையும் போர்த்தினேன். அவன் வருவதற்குள் பெட்டி முழுக்க வெள்ளை, உள்ளே எலும்பு முறிகிறாற்போலச் சத்தம்.

லிவியு சால்வையைப் பிடித்து இழுத்தான். அப்புறம் துண்டை. "மேல் வழியாத்தாம்மா இது காத்தை இழுக்கும். மூச்சு விட வழியில்லாம அடைச்சு வச்சுட்டு ஐஸ் பிடிக்குதுன்னா, அது என்ன பண்ணும்?"

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது அக்கா. கடைசி மூன்று நாளும் சாம்ஃபிர் சன்னலைத் திற, திற என்று கையைக் காட்டினார். காற்றுக் கரண்டு அடித்துவிடும் என்று நான் திறக்கவேயில்லை.

"மனுஷனுக்கும் இப்படித்தானா தம்பி?" என்று லிவியுவிடம் கேட்டேன்.

அவன் திருப்புளியைத் துடைத்துக்கொண்டேயிருந்தான். "எனக்கு மெஷின்தாம்மா தெரியும்" என்றான்.

ஆகவே நீ ஞாயிற்றுக்கிழமை வந்து இந்தப் பெட்டியைக் கழற்றிக் கொண்டுபோய்விடு. அது இருக்கிற பக்கம் திரும்பவே எனக்குப் பயமாயிருக்கிறது. மாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். அத்தானுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம்.

உன் வெத்தா

பி.கு.: பெட்டி இங்கேயே இருக்கட்டும், கழற்ற வேண்டாம். கதவையும் இரண்டு சன்னலையும் திறந்துவிட்டு, ஏசியையும் போட்டு, நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தலையில் முக்காடுகூட இல்லை. முதுகில் கரண்டு ஓடுகிறது. எனக்குச் சளி பிடித்தால் நான் மூடி வைத்தது சரி. இரண்டு மணி நேரம் ஆகிறது அக்கா, ஒரு தும்மல்கூட வரவில்லை.