பதினேழு கீறல் டியூப்

டியூப் கைநழுவவில்லை. மூடிதான் சரியாகத் திருகப்படாமல் இருந்தது. பெய்ச்சென் அதை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சாய்த்ததுதான் தாமதம், மூடி ஒரு பக்கம் போயிற்று, உள்ளே இருந்தது மொத்தமும் சிங்க்கில் போயிற்று.

தைவானின் தைனான் நகரில், ஷ்யூ சாரின் லேபில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறாள். இதுவரை ஒரு குப்பி உடைத்ததில்லை. நூறு குப்பி உடைத்திருந்தாலும் பரவாயில்லை, இதைப் போயா கொட்டுவது?

செல்லுக்குள் 'வளரு, வளரு' என்று சேதி கொண்டு ஓடுகிற புரதம் ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாது. அதை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியை ஊற்றினால் ஃபிலிமில் கறுப்பாக ஒரு கோடு விழும். சார் முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பது அந்தக் கோட்டைத்தான். டியூபில் இருந்தது அவர் கையால் கலக்கிய ஆன்டிபாடி. அந்த ஊர்க் கடைகளில் நாள்கணக்கில் வைத்துக் கறி வேகவைக்கிற பழைய குழம்பு மாதிரி அதைக் கொட்டாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார். ஒவ்வொரு தடவையும் டியூப் மேல் பேனாவால் ஒரு கீறல். பதினேழு ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை அவர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். பதினெட்டாவதாக விழுகிற கோட்டை எல்லோருக்கும் காட்டிப் பேசிவிட்டு விடைபெற வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

அந்த நேரம் பார்த்து சார் உள்ளே வந்தார். காலி டியூபை அவள் உள்ளங்கையில் மறைத்துக்கொண்டாள்.

"அவசரமில்ல பெய்ச்சென். அந்த டியூப வியாழக்கிழமை எடுத்தாப் போதும்."

அவள் தலையாட்டினாள். வியாழன் வரை விட்டால் இவரே வந்து எடுத்துவிடுவாரே.

பக்கத்து லேபில் கெஞ்சி, அதே புரதத்துக்கான ஆன்டிபாடி வாங்கிவந்து டியூபை நிரப்பி, உடனே வேலையைத் தொடங்கினாள். செவ்வாய்க்கிழமை ஃபிலிம் வெள்ளை வெளேரென்று வந்தது. அதற்கப்புறம்தான் குப்பியில் எழுதியிருந்ததைப் படித்தாள். அது எலியில் செய்தது. சாருடையது முயலில் செய்தது. மேலே ஒட்டிக் கோட்டைக் காட்டிக்கொடுக்கிற இரண்டாவது ஆன்டிபாடிக்கு முயலை மட்டும்தான் அடையாளம் தெரியும்.

சார் திட்டவில்லை. "உன் தப்பில்லம்மா. ஃபிலிம் கழுவற மெஷின் மேல இருக்கிற பொரிப் பாக்கெட் தேதி முடிஞ்சிருக்கும்" என்றார். தானே கடைக்குப் போய்ப் புதுப் பச்சைப் பாக்கெட் வாங்கிவந்து மெஷின் தலையில் வைத்தார். பச்சைப் பாக்கெட் இருந்தால்தான் மெஷின் சொன்ன பேச்சு கேட்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. ஒன்பது வருஷத்தில் அவர் இவ்வளவு கனிவாகப் பேசி அவள் கேட்டதில்லை.

எலியை அடையாளம் தெரிந்த இரண்டாவது ஆன்டிபாடியையும் கடன் வாங்கி, இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று தாராளமாக ஊற்றினாள். புதன்கிழமை ஃபிலிம் முழுக்க மை கொட்டினாற்போல் கறுப்பு.

சார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பிப் பிடித்தார்.

"இது... அந்த டியூப்ல இருந்ததை ஊத்தினதுதானா?"

"ஆமா சார்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப முப்பது வருஷமா எனக்கு ஒண்ணுமே புரியல போல."

வெள்ளிக்கிழமை தான் பேசப்போவதில்லை, யாரையும் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மத்தியானம் வாங்கிவந்த விலாங்கு நூடுல்ஸ் அப்படியே ஊறிக் கிடந்தது.

பெய்ச்சென்னுக்கு அன்றிரவு தூக்கமில்லை. வியாழக்கிழமை காலை சார் வந்ததும் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து, அந்த டியூபை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தக்கூடத் தோன்றாமல் நின்றபடியே சொன்னாள். "உங்களுக்கு எல்லாம் புரிஞ்சிருக்கு சார். நான்தான் டியூப கொட்டிட்டேன். நீங்க பாத்தது ரெண்டும் கடன் வாங்கின எலிச் சரக்கு. நீங்க வெள்ளிக்கிழமை பேசணும்."

சாரின் காது சிவந்தது. "கொட்டிட்டியா? எப்ப?"

"திங்கக்கிழமை."

அவர் கண்ணில் தண்ணீர் நிற்கிற மாதிரி இருந்தது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அதற்குள், லேபுக்குச் சாமான் கொண்டுவந்து தருகிற ஹுவாங், ஐஸ் பெட்டியோடு உள்ளே நுழைந்தான். திறந்த ஃபிரிட்ஜ் கதவுக்குப் பின்னால் நின்ற பெய்ச்சென்னை அவன் பார்க்கவில்லை.

"முயல் ஆன்டிபாடி வந்திருச்சு சார். 'ஞாயித்துக்கிழமை டியூப கவுத்துட்டேன், வெறும் உப்புத்தண்ணிய ஊத்தி வச்சிருக்கேன், தெரிஞ்சா பெய்ச்சென் மூஞ்சில முழிக்க முடியாது'ன்னீங்களே, அவங்க வர்றதுக்குள்ள சட்டுன்னு மாத்தி வச்சிருங்க."