ஏச்சு மாஸ்டர் கொடுத்த பாஸ்வர்ட்

கிள்ளான் வட்டாரத்திலேயே, வாய் நிறைய ஏசி ஊரைப் பத்திரமாக வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் ஏச்சு மாஸ்டர்தான். பண்டமாரானில் நான் வேலை பார்த்த கப்பல் சரக்கு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்டவர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

வந்த முதல் நாளே என் மேசை முன்னால் நின்றார்.

"என்னம்மா, உன் பாஸ்வர்ட் உன் மோட்டர்சைக்கிள் நம்பர்தானே?"

"ஐயோ! எப்படிண்ணே தெரியும்?"

"வெளியில மோட்டர்லயே பெருசா எழுதி வச்சிருக்கியே! பண்டமாரான் பூரா படிச்சிட்டுப் போவுது."

லோரிகளை அனுப்பும் முனியாண்டியுடையது அவன் வழக்கமாக அனுப்பும் லோரியின் நம்பர். முதலாளியுடையது கார் நம்பர். "இது ஆபீஸா, கார் பார்க்கா?" என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து புதுச் சட்டம். பாஸ்வர்ட் நீளமாக இருக்க வேண்டும், மறக்கவும் கூடாது. பாராட்டினால் ஒரு வாரத்தில் மறந்துவிடுவோமாம். ஏசினால் சாகும்வரை மறக்க மாட்டோமாம். ஆகவே ஆளுக்கொரு ஏச்சை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல், கோத்துக் கொடுத்தார். காப்பாரிலிருந்து தினமும் தாமதமாக வந்துசேரும் எனக்கு, 'இன்னிக்கும் லேட்டு வெக்கமே இல்ல'. முனியாண்டிக்கு, 'லோரி கிளம்பிருச்சுன்னு பொய் சொல்லாதடா'. அறையைக் குளிரவிட்டபடியே வீட்டுக்குப் போய்விடும் முதலாளியை ஏசியபோதும் மரியாதை குறையவில்லை: 'ஏர்கோன நிப்பாட்டிட்டு வீட்டுக்குப் போங்க பாஸ்'.

சீட்டில் எழுதி ஒரே முறை காட்டுவார். அப்புறம் அதைத் தன் தே தாரேக் கிளாஸில் முக்கிக் கரைத்துவிடுவார். கரைத்த தேநீரையும் அவர் குடித்ததாக முனியாண்டி சத்தியம் செய்வான்.

காலையில் என்னை நானே ஏசிக்கொண்டு வேலையைத் தொடங்குவது கொஞ்ச நாளில் பழகிவிட்டது. இவ்வளவு நல்ல ஏச்சை ஒரே இடத்தில் வைத்திருப்பானேன் என்று, பூப்பந்துக் கோர்ட் புக்கிங், ஆன்லைன் சேலைக் கடை, ஜாதகப் பக்கம் எல்லாவற்றுக்கும் அதையே போட்டேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அதிசயமாக நான் நேரத்தோடு வந்த ஒரு காலையில், எனக்கும் முன்பே யாரோ என் பாஸ்வர்டை அடித்து வேலையைத் தொடங்கியிருந்தார்கள். 'உங்கள் சரக்கு வந்துவிட்டது, இந்த லிங்கைத் தட்டவும்' என்று என் ஈமெயிலிலிருந்து வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் கடிதம் போயிருந்தது. போன் ஓயவில்லை.

மாஸ்டர் என் பக்கத்தில் வந்து குனிந்தார். "வேற எங்கயாச்சும் போட்டியா?"

"சேலைக் கடையில..."

"அங்க திருடன் பூந்துட்டான்னு மெயில் வந்திருக்குமே?"

"விளம்பரம்னு நெனச்சு அழிச்சிட்டேண்ணே."

"நான் உன்னதானேம்மா ஏசினேன்? அத எதுக்குச் சேலைக் கடையில போய்ச் சொன்னே?"

அதற்குள் முதலாளி மாஸ்டரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் கேட்டது. "உங்க நீட்டுப் பாஸ்வர்ட் என்னத்தக் கிழிச்சிச்சு? இந்த மாசத்தோட நிப்பாட்டிக்கலாம்லா!"

என்னைக் காட்டிக் கொடுப்பார் என்று பயந்து உட்கார்ந்திருந்தேன். ஊரையே ஏசும் அந்த வாய் அன்று, "சரிங்க பாஸ்" என்பதோடு நின்றுவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. எழுந்து போய், "தப்பு என்னோடதுதான் பாஸ். அவரு கொடுத்தத நாலு இடத்துல போட்டுட்டேன்" என்றேன்.

முதலாளி ஏர்கோனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மாஸ்டர், என்னோடத நான் வீட்டு கேமராவுக்கும் போட்டிருக்கேன்லா. மாத்தணுமா?" என்றார்.

மாஸ்டரின் வேலை தப்பித்தது. அன்று முழுக்க முதலாளியும் நானும் வரிசையாக ஏச்சு வாங்கினோம்.

போன வருஷம் மாஸ்டர் ஓய்வு பெற்று, பூச்சோங்கில் மகள் வீட்டோடு போய்விட்டார். கடைசி நாளில் எல்லோருக்கும் பாஸ்வர்ட் மாற்றிக் கொடுத்தார். என் சீட்டை நீட்டியபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதில் ஏச்சே இல்லை. அதைக் கரைக்க வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் கிளாஸில் போட்டுவிட்டார்.

பாராட்டினால் ஒரு வாரத்தில் மறந்துவிடுவோம் என்றாரே, அது பொய். என்ன எழுதியிருந்தார் என்று மட்டும் கேட்காதீர்கள். அதை நான் ஒரே ஓர் இடத்தில்தான் போட்டிருக்கிறேன்.