டார்ச் அடித்தால் பிழைக்கும் உயிர்

மாடி ஹாலில் நிற்க இடமில்லை. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் தாள். உயிருள்ள பொருள் வெளிச்சத்தில் வெட்கப்படுமாம். மேஜைமேல் பச்சையாக மின்னிய கூழ்த் துண்டுகள் ஒன்றையொன்று தேடி ஊர்ந்துபோய் ஒட்டிக்கொண்டன. கூட்டம் கைதட்டியது.

“பிரிஞ்சது தானா சேருது. உங்க புண்ணு சேராதா?” என்றார் வெள்ளைக்கோட்டுக்காரர்.

எந்த ஆஸ்பத்திரிக் கோட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான். தானே வளரும் வீடு, ஒளிரும் காடு என்று மொழிபெயர்ப்பு நாவல்களில் குடியிருப்பவன் நான். ‘தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் உயிர்ப்பொருள்’ என்று அவருடைய கூழுக்குப் பெயர் எடுத்துக் கொடுத்ததே நான்தான். மறுநாள் அது பேனரில் இருந்தது, எழுத்துப் பிழையில்லாமல். எனக்கு ஒரே பெருமை.

அம்மாவுக்குச் சர்க்கரை. கால் விரலில் ஆறாத புண். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுவதை நிறுத்திவிட்டு இந்தக் கூழைத் தடவச் சொன்னதும் நான்தான். பத்தே நாளில் விரல் கறுத்தது.

“பழைய செல் உதிருதும்மா,” என்றேன். அதுவும் ஏதோ நாவலில் படித்ததுதான்.

அக்கா கடிகாரம் பழுதுபார்ப்பவள். அம்மாவின் விரலைப் பார்த்தவள் மிச்சக் கூழை ஒரு தகர டப்பாவில் போட்டு எடுத்துப் போனாள். இரண்டு நாள் கழித்து, அந்த டப்பாவோடு நேரே ஹாலுக்கு வந்து நின்றாள்.

“நீங்க குடுத்த கூழுதான். ரெண்டு நாளா மூடி வச்சிருந்தேன்.”

திறந்தாள். துளி ஒளி இல்லை.

“மூச்சுமுட்டிச் செத்துடுச்சேம்மா!” என்று வெள்ளைக்கோட்டுக்காரர் துக்கப்பட்டார்.

அக்கா செல்போன் டார்ச்சை அரை நிமிடம் அடித்து அணைத்தாள். கூழ் பச்சையாக மின்னியது.

“பொழைச்சிடுச்சு பாருங்க. கடிகார முள்ளுக்குப் பூசுறதுதான் இது. வெளிச்சத்தைக் குடிச்சிட்டுக் கக்கும்.”

“அப்ப ஊர்ந்து போய்ச் சேருதே?” என்று கேட்டது அவரல்ல. நான்.

அக்கா ஹால் விளக்கைப் போட்டாள். தன் எஃகு இடுக்கியை மேஜைமேல் வைத்தாள். அது தானே நகர்ந்து மேஜைமேல் கிடந்த கூழ்த் துண்டோடு டக்கென்று ஒட்டிக்கொண்டது.

“என் இடுக்கிக்கும் உயிர் வந்துடுச்சுடா. இதுக்கும் ஒரு நல்ல பேரா வச்சுக் குடு.”

யாரோ மேஜைத் துணியைத் தூக்கினார்கள். அடியில் காந்தம். அதை முழங்காலால் நகர்த்த ஒரு கம்பி. கூழுக்குள் இரும்புத்தூள். வாசல் பக்கம் நழுவியவரைக் கூட்டம் மறித்துக்கொண்டது.

அம்மாவை அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காலைக் காப்பாற்றிவிட்டார்கள். விரலை எடுத்துவிட்டார்கள்.

“உன் புத்தகத்துல இது திரும்ப முளைக்குமாடா?” என்றாள் அம்மா.

“புத்தகத்துல முளைக்கும்மா.”

வியந்து வாயைப் பிளக்கிறோம், சரி. பிளந்த வாயால் ஒரு கேள்வி கேட்டால் என்ன குறைந்துவிடும்? கேட்காததால் எங்கள் வீட்டில் ஒரு விரல் குறைந்தது.