ரேடாருக்கு முப்பது நாள் தடை

மேகத்தைக் கை காட்டி நிறுத்தி, 'எந்த ஊருக்குப் போறீங்க?' என்று விசாரிக்கக்கூடிய மனிதர் மதுரைப் பக்கத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் ரேடார். மேகம் பதில் சொல்லும் என்றும் அவர் நம்பினார். சிக்கல் எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

வில்லாபுரத்தில் எங்கள் தெருமுனையில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை அவருடையது. கடைப் பலகையில் ஏதோ ஒரு பெயர் எழுதியிருக்கிறது. அதை யாரும் வாசித்ததில்லை. மிக்ஸியோடு வருகிறவரிடம் என்ன பழுது என்று அவர் கேட்கவே மாட்டார்.

"எந்த ஏரியா? அவனியாபுரமா? வரும்போது மேற்கால இருட்டிக் கெடந்துச்சா? காத்து இருந்துச்சா, நின்னுபோச்சா?"

சட்னி அரைக்க வழியில்லாமல் வந்த பெண்கள், வானத்தைப் பார்க்காமல் வந்த குற்றத்துக்காகத் தலைகுனிந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ரசீதின் பின்பக்கம் அன்றைய மழையளவை எழுதித்தான் கொடுப்பார். மழை இல்லாத நாளில் '0.0' என்று இருக்கும். ஒரு பூஜ்யம் போதாதா என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒத்தப் பூஜ்யம் போட்டா அளக்கலைன்னு நெனச்சுருவாங்க சார்" என்றார்.

அன்றைக்கே அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று. நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். பால் வந்த நேரம் முதல் மின்சாரம் போன நேரம் வரை தினமும் நோட்டில் எழுதுகிறவன். புள்ளிக்குப் பின்னால் ஒரு பூஜ்யம் போடுகிற ஆள் எனக்கு வேறு எங்கே கிடைப்பார்?

எங்களைப் போல இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள். வாட்ஸ்அப்பில் குழு அமைத்தோம். திருமங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கும் நண்பர், பழங்காநத்தத்தில் பழக்கடை போட்டிருக்கும் நண்பர் ஆகிய இருவரும் குழுவின் கண்கள். உரக்கடை, பழக்கடை என்றே அவர்களைக் கூப்பிடுவோம். ரேடார் குழுவின் வாய். நான் செயலாளர், அதாவது நோட்டு.

ஒரு சனிக்கிழமை ரேடாரின் பேச்சைக் கேட்டு, இடிமழையை எதிர்கொண்டு பார்க்க இரண்டு ஸ்கூட்டரில் திருமங்கலம் போனோம். பஸ் ஸ்டாண்ட் அருகே ஒன்றரை மணி நேரம் வானத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். எங்களைப் பார்த்து இன்னும் இருபது பேர் அண்ணாந்தார்கள். ஒரு கண்டக்டர் இறங்கி வந்து, "பிளேன் எதுவும் விழுகுதாண்ணே?" என்று கேட்டார். ஒரு சொட்டு இல்லை. அதே நேரத்தில் அந்த மழை வேறு வழியாகச் சுற்றிப் போய் வில்லாபுரத்தில் கொட்டியது. எங்கள் நால்வர் வீட்டு மொட்டை மாடியிலும் துவைத்து உலர்த்திய துணிகள் மறுபடி துவைக்கப்பட்டன. அன்று வீட்டில் கேட்டதை நான் நோட்டில் எழுதவில்லை.

இப்படிப்பட்ட குழுவுக்கு விதிகள் வேண்டாமா? ஏழு விதிகள் எழுதினேன். நான்காவது விதி: ஒரே மாதத்தில் மூன்று முறை தவறாக மழை சொல்பவர், அடுத்த முப்பது நாள் மழை பற்றி முன்கூட்டி எதுவும் சொல்லக் கூடாது. மீறினால் முதலிலிருந்து மறுபடி முப்பது நாள். யாரையும் மனத்தில் வைத்து எழுதவில்லை என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை.

போன கோடையில் ரேடார் அந்த மூன்றையும் பதினாறே நாளில் முடித்துக் காட்டினார். முதலாவதாக, எதிர்வீட்டு வளைகாப்பை மாடியிலிருந்து கீழே இறக்கச் சொன்னார். கீழே நாற்பது பேர் வியர்வையில் குளிக்க, மேலே வானம் நட்சத்திரம் போட்டுச் சிரித்தது. இரண்டாவதாக, மருந்து அடிக்க வேண்டாம் என்று உரக்கடையிடம் சொன்னார். உரக்கடை தன் வாடிக்கையாளர் அத்தனை பேரிடமும் சொன்னார். ஒன்பது நாள் வெயில் காய்ந்தது, பூச்சிகள் மட்டும் செழித்தன. மூன்றாவது, அப்பள அக்கா.

அப்பள அக்கா என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. இருபது வருடம் இன்னொருவரிடம் கூலிக்கு அப்பளம் தேய்த்துவிட்டு, அப்போதுதான் சொந்தமாகத் தொடங்கியிருந்தார். "மழை வருது, எடுங்க" என்று ரேடார் கத்தியதில், பாதியே காய்ந்திருந்த அப்பளங்களை வாரி அடுக்கினார். மழை வரவில்லை. அடுக்கியவை ஒன்றோடு ஒன்று ஒட்டித் தோசைக்கல் கனத்துக்கு ஒரே அப்பளமாகிவிட்டன.

பழக்கடையில் குழு கூடியது. தீர்ப்பை நான் வாசித்தேன். ரேடார் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு சந்தேகம் எழுப்பினார்.

"மேகப் படம், குடைப் படம் அனுப்பலாமா சார்?"

"அதுவும் கூடாது."

"அதையும் எழுதிக்கங்க. எழுதலைன்னா நானே அனுப்பிருவேன்."

தடையின் இருபத்திரண்டாம் நாள் சனிக்கிழமை. மாலை மூன்று நாற்பது. வானம் கழுவிய தட்டு மாதிரி இருந்தது. அன்று மழை என்று எந்த அறிக்கையும் சொல்லவில்லை. ரேடார் என் வீட்டு வாசலில் மூச்சு வாங்க நின்றார்.

"சும்மாத்தான் வந்தேன் சார்."

அவர் எங்கும் சும்மா வந்ததில்லை. கையில் இருந்த போனின் திரை என் பக்கம் திரும்பியிருந்தது.

"படம் காட்டுவதும் முன்கூட்டிச் சொல்வதுதான்" என்றேன்.

"நான் எங்க காட்டுறேன்? கையில வச்சிருக்கேன். நீங்கதான் பாக்குறீங்க."

பார்த்தேன். திருமங்கலத்துக்குத் தென்மேற்கே ரேடார் படத்தில் குங்குமம் கொட்டியது போல ஒரு திட்டு. அப்படிப்பட்ட திட்டுகள் வருவதும் பாதியில் கரைவதும் வழக்கம்.

"கரைஞ்சுரும்" என்றேன்.

ரேடாரின் தொண்டையிலிருந்து, விசில் வரப்போகிற குக்கர் போல ஒரு சத்தம் வந்தது. "சார், அக்கா மாடியில இன்னைக்கு அம்புட்டும் கல்யாண ஆர்டரு. நாளைக்குக் காலையில மண்டபத்துல குடுக்கணும். அக்காவுக்கு மொதப் பெரிய ஆர்டர் சார். நனைஞ்சா இனி யாரு நம்பிக் குடுப்பா? நீங்க போயிச் சொல்லுங்க. உங்களுக்குத் தடை இல்லைல?"

"எனக்கே நம்பிக்கை இல்லாததை நான் எப்படிச் சொல்றது?"

ரேடார் போனைப் பையில் போட்டார். திரும்பி நடந்தார். விதி மீறப்படுகிறதா என்று பார்க்க நோட்டோடு பின்னாலேயே போனேன்.

அக்காவின் மாடியில் பழைய சேலைகளை விரித்து, கால் வைக்க இடமில்லாமல் அப்பளங்கள் காய்ந்துகொண்டிருந்தன. அக்கா ஒரு மூலையில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார், வெயிலுக்காக.

"என்னக்கா, அப்பளம் நல்லாக் காஞ்சிருச்சு போல?" என்றார் ரேடார்.

"எங்க தம்பி? இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கணும்."

"மாடி ரொம்பச் சூடா இருக்குக்கா. அப்பளத்துக்கு ஆகாது."

"சூட்டுல காயாம, பின்ன ஃப்ரிட்ஜுக்குள்ளயா காயும்?"

"காக்கா கொத்திரும்."

"ஒரு காக்காயும் காணோம்."

ரேடாரின் கண்கள் பளபளத்தன. "ஏன் காணோம்? நல்லா யோசிச்சுப் பாருங்கக்கா, ஏன் காணோம்?"

என்னைப் பார்த்தார். '4.02: காக்கை பற்றிக் கேள்வி. விதிமீறலுக்கு மிக அருகில்' என்று எழுதினேன்.

அக்கா குடையை மடக்கினார். "ஏப்பா, மழை வருதுன்னு சொல்ல வாரியா?"

"அப்படி நான் சொல்லலை."

"அப்ப வராதா?"

"அப்படியும் சொல்லலை."

"போன தடவ உன் பேச்சக் கேட்டுப் பாதிக் காச்சல்ல எடுத்தேன். ஒட்டுன அப்பளத்தப் பிரிக்க உளி வாங்கவேண்டியதாப் போச்சு. இன்னைக்கு நீ தலைகீழா நின்னாலும் எடுக்க மாட்டேன்."

ரேடார் தலைகீழாக நிற்பதைப் பற்றி நிஜமாகவே யோசித்தார் என்பது என் கணிப்பு.

நாலு இருபத்தொன்றுக்கு என் போன் அடித்தது. உரக்கடை. ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார்! காத்து பிச்சு எடுக்குது! கடைப் பலகை பறந்து எதிர்க்கடைல போயி மாட்டிக்கிருச்சு! இப்ப அவரு உரம் விக்கிறாரு!"

ரேடார் என் கையோடு போனைப் பற்றினார். கேள்வி கேட்பதற்குத் தடை இல்லை. "மாப்ள, எந்தப் பக்கத்துக் காத்து? மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல எண்ணிப் பாத்தியா?"

"நாலு எண்ணுனேண்ணே! இந்தா, அடுத்தது! ஒண்ணு, ரெண்... ஆத்தி!"

இணைப்பு அறுந்தது. ரேடார் அப்பளங்களுக்கு நடுவே ஒற்றைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றினார். ஓர் அப்பளமும் மிதிபடவில்லை.

"திருமங்கலத்துல பேஞ்சா அது திருமங்கலத்துக்குத்தான?" என்றார் அக்கா. நியாயமான கேள்வி. என் நோட்டுப்படியும் அந்தப் பக்கத்து மழை பாதி நாள் எங்களை எட்டிப் பார்ப்பதில்லை. அதைச் சொன்னேன். ரேடார் என்னைப் பார்த்த பார்வையை எந்த அளவில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

நாலு நாற்பத்தொன்பதுக்குப் பழக்கடை கூப்பிட்டார். "அண்ணே, மாம்பழக் கூடையத் தார்ப்பாய் போட்டுக் கட்டப் போனேன், தார்ப்பாய் என்னையக் கட்டிருச்சு! பழங்காநத்தம் ஃபுல்லா இருட்டு! கொட்ட ஆரம்பிச்சிருச்சு!"

எங்கள் தலைக்கு மேல் இன்னும் வெயில் இருந்தது. ஆனால் மேற்கே, தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பின்னால், எருமை நிறத்தில் ஒரு சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. ரேடார் உதட்டைக் கடித்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்தார். தடை முடிய எட்டு நாள்தான் பாக்கி.

நாலு ஐம்பத்தொன்று. குக்கர் வெடித்தது.

"அக்கா! மழை! பத்தே நிமிஷம்! எடுங்க!"

தெரு முழுக்கக் கேட்டது. கீழே யாரோ, "ரேடாரு ஆரம்பிச்சிட்டாருடோய்!" என்றார்கள். சிரிப்புச் சத்தம் வந்தது. அக்கா சிரிக்கவில்லை. தடை என்ன என்பது அவருக்குத் தெரியும். அதை உடைத்துவிட்டு நிற்கிற முகத்தை ஒரு கணம் பார்த்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க சார்? அந்தப் பக்கம் அள்ளுங்க!"

நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு நானும் அள்ளினேன். அண்டாவில், முறத்தில், ரேடார் கழற்றிய சட்டையில் என்று அகப்பட்டதில் எல்லாம் அள்ளினோம். படிக்கட்டில் மூன்று பேரும் ஏறி இறங்கியதைப் பார்த்து, திருடர்கள் என்று நினைத்து அடுத்த வீட்டு நாய் குரைத்துத் தீர்த்தது. கடைசி முறம் வாசற்படியைத் தாண்டியபோது முதல் துளி விழுந்தது. ஐந்து மணி இரண்டு நிமிடம். பிறகு வந்ததைத் துளி என்று சொல்ல முடியாது. வானத்தில் யாரோ அண்டாவைக் கவிழ்த்துவிட்டார்கள்.

அக்கா ஓர் அப்பளத்தை எடுத்து விரலால் சுண்டினார். டிக் என்றது. இரண்டைச் சேர்த்து வைத்துப் பிரித்தார். ஒட்டவில்லை. மூன்று நாற்பதுக்கே எடுத்திருந்தால் மறுபடி தோசைக்கல்தான். சுற்றி வளைத்துப் பேசவைத்த அந்த ஒரு மணி நேரத்தில் எல்லாம் காய்ந்திருந்தன. இதில் நான்காவது விதிக்கும் சிறு பங்கு உண்டு என்று பணிவோடு சொன்னேன். இருவரும் காதில் வாங்கவில்லை. ரேடார் வெறும் மேலோடு மாடியில் கைகளை விரித்து நின்று, ஒவ்வொரு இடிக்கும், "அப்படிப் போடு! இன்னொண்ணு!" என்று கத்திக்கொண்டிருந்தார். அக்காவும் படியில் நின்று, "போடுய்யா!" என்றார். நான் ஒரு முறை விசிலடித்தேன். அதை இதுவரை எங்கும் எழுதவில்லை.

மழை விட்டதும் ரேடார் ஈரத் தலையோடு என் வீட்டுக்கு வந்தார்.

"எழுதிட்டீங்களா சார்? நான் சொன்னது நாலு ஐம்பத்தொண்ணு. மொதத் துளி அஞ்சு ரெண்டு. பதினோரு நிமிஷம் முன்னாடியே சொல்லி மீறிருக்கேன்."

குழுவில் உரக்கடையும் பழக்கடையும் மன்றாடினார்கள். "விட்ருங்க சார், மனுசன் சரியாத்தான சொல்லியிருக்காரு!" நானும் விடத்தான் நினைத்தேன். ரேடார் சம்மதிக்கவில்லை.

"ரூலுன்னா ரூலு சார். எனக்காக வளைச்சா, அப்புறம் நான் சரியாச் சொன்னதயும் வளைச்சதாத்தான் பேசுவாங்க."

மறுபடி முப்பது நாள். அந்த முப்பது நாளும் வில்லாபுரத்தில் ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை, ரேடாரின் முகத்தைத்தான் பார்த்தார்கள். கல் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள அவர் படாத பாடு பட்டார், புருவம் ஒத்துழைக்கவில்லை. புருவம் உயர்ந்தால் தெருவில் துணிகள் இறங்கின. அக்கா மாடியிலிருந்தே, "தம்பி, இப்பிடித் திரும்பு!" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் சேலையை விரிப்பார். புருவத்தை விதியில் சேர்க்கச் சொல்லி ரேடாரே வந்து கேட்டார். இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.

இப்போது தடை எதுவும் இல்லை. வாய் நிறையச் சொல்கிறார், பாதி தவறுகிறது. ஒவ்வொரு மாதமும் முதல் தவறை எழுதுகிறேன், இரண்டாவதையும் எழுதுகிறேன். மூன்றாவதை எழுத உட்காரும்போது மட்டும், எப்படியோ, பேனாவில் மை தீர்ந்துபோகிறது.